வெந்தயமும் பழைய தாளும்: காகிதக்கூழ் கூடை செய்யும் முறை

பழைய தாளை ஊறவைத்து, வெந்தயம் சேர்த்து அரைத்து, கவிழ்த்த பானையின் மேல் அப்பிக் கூடை எடுப்பது நம் ஊர்களில் பாட்டிமார் கைவேலை. பிளாஸ்டிக் கூடை மலிந்த பிறகு பல வீடுகளில் வழக்கொழிந்துவிட்டது. சாமான் எல்லாம் வீட்டிலேயே இருக்கிறது, செலவு வெந்தயத்துக்கு மட்டும்தான். கூழ் பிசைவதை ஒரு பொழுதில் கற்றுக்கொள்ளலாம். ஆனால் அதிலுள்ள தண்ணீரைச் சரியாக வெளியேற்றுவதில்தான் கைத்திறன் இருக்கிறது. கூடை கோணுவதும் வெடிப்பதும் பூசணம் பிடிப்பதும் பெரும்பாலும் அங்கேதான்.

25 செ.மீ. வாயகலம், 12 செ.மீ. உயரம் உள்ள ஒரு கூடைக்குக் காய்ந்த தாள் 250 கிராம், வெந்தயம் 40 கிராம், மஞ்சள் தூள் ஒரு தேக்கரண்டி போதும். தாளைக் கண்ணளவில் எடுக்காமல் எடை போட்டே எடுங்கள்.

எல்லாத் தாளும் ஒன்றல்ல. நாளிதழ் சீக்கிரம் ஊறும், ஆனால் அதன் நார் குட்டையானது. பழுப்பு அட்டைப்பெட்டியின் நார் நீளம், கூடைக்குப் பலம் தரும். இரண்டையும் சரிபாதி கலப்பது நல்லது. முட்டை அட்டை ஏற்கெனவே கூழில் வார்த்தது என்பதால் ஒரு மணி நேரத்திலேயே கரைந்துவிடும். வழவழப்பான வார இதழ்த் தாள் வேண்டாம். அதன் மேலுள்ள களிமண் பூச்சு எடையைக் கூட்டுமே தவிர நாரோடு நார் பின்ன விடாது. கடை பில், ஏ.டி.எம். சீட்டு போன்றவற்றில் வேதிப்பூச்சு இருக்கும், அவற்றையும் ஒதுக்குங்கள். அட்டைப்பெட்டியில் ஒட்டிய டேப்பையும் பின்னையும் எடுத்துவிடுங்கள்.

தாளைக் கத்தரிக்காமல் கையால் கிழியுங்கள். கத்தரித்தால் நார் வெட்டுப்படும், கிழித்தால் ஓரத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும். கட்டைவிரல் அகலத் துண்டுகளாகக் கிழித்து, மூழ்கத் தண்ணீர் விட்டு ஒரு நாள் வையுங்கள். அட்டை கலந்திருந்தால் இரண்டு நாள். நடுவில் ஒருமுறை தண்ணீரை மாற்றுங்கள், மையும் கொஞ்சம் போகும். கோடைக்காலத்தில் இரண்டு நாளைத் தாண்டினால் புளித்து நாறும். அவசரமென்றால் அரை மணி நேரம் கொதிக்கவிடலாம். வெந்தயத்தைத் தனியே இரவு முழுக்க ஊறவையுங்கள்.

ஆட்டுக்கல் இருந்தால் அதைவிட மேல் வேறில்லை. மிக்சியானால் இந்த வேலைக்கென்று பழைய ஜார் ஒன்றை ஒதுக்கிவிடுங்கள். ஒரு கைப்பிடி தாளுக்கு மூன்று மடங்கு தண்ணீர் விட்டு, பத்து வினாடி ஓட்டி, நிறுத்தி, மறுபடி ஓட்டுங்கள். தண்ணீர் குறைந்தால் தாள் பிளேடில் சுற்றிக்கொண்டு மோட்டார் சூடேறும். எழுத்து மறைந்து, விரலில் தேய்த்தால் சிறு நார் தட்டுப்படும் பதத்தில் நிறுத்துங்கள். மாவாக அரைத்துவிட்டால் காயும்போது அதிகம் சுருங்கி வெடிக்கும்.

இனிப் பிழிதல். பழைய வேட்டித் துணியில் கொட்டி முறுக்கிப் பிழியுங்கள். பிழிந்த கூழ் ஒரு கிலோவுக்கு மேல் நின்றால் இன்னும் தண்ணீர் இருக்கிறதென்று பொருள். பிழிந்த நீரைச் செடிக்கு ஊற்றலாம். பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றினால் நார் போய்க் குழாயை அடைக்கும்.

வெந்தயத்தை 200 மி.லி. தண்ணீர் விட்டு, பொங்கி வரும்வரை வெண்ணெய்போல் அரையுங்கள். அதிலுள்ள கோந்துதான் நாரைப் பிடித்துவைக்கிறது. அதன் கசப்பு பூச்சியை அண்டவிடாது என்பது பெரியவர்கள் சொல். கூழை உதிர்த்து, விழுதையும் மஞ்சளையும் சேர்த்துச் சப்பாத்தி மாவுபோல் அழுத்திப் பிசையுங்கள். எலுமிச்சை அளவு உருட்டி உள்ளங்கையில் தட்டிப் பாருங்கள். ஓரம் பிளந்தால் பிசைந்தது போதாது, அல்லது விழுது குறைவு. கையோடு வழவழவென்று வந்தால் தண்ணீர் அதிகம், மறுபடி பிழியுங்கள். சிலர் பூச்சிக்கு மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடுவார்கள். அது நஞ்சு, வீட்டுக் கூடைக்கு வேண்டாம்.

அச்சுக்கு வாயகன்ற பாத்திரம்தான் வேண்டும். கவிழ்த்தால் கீழே போகப்போக விரிய வேண்டும். குடத்தில் அப்பினால் வயிற்றின் அகன்ற இடத்தோடு நிறுத்துங்கள். அதைத் தாண்டினால் கழற்ற முடியாது. உள்வாங்கிய வடிவங்களைக் காஷ்மீர்க் கைவினைஞர்கள் அச்சின் மேலேயே ரம்பத்தால் இரண்டாக அறுத்துக் கழற்றி, பிறகு ஒட்டிச் சேர்க்கிறார்கள். மண்பானை ஈரத்தை உறிஞ்சுவதால் கூடை இருபுறமும் ஒன்றுபோல் காயும். எவர்சில்வர் பேசினில் வெளிப்புறம் மட்டுமே காயும். அதனால் சீக்கிரம் கழற்ற வேண்டியிருக்கும். இரண்டின் மேலும் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியைச் சுருக்கமில்லாமல் விரித்துக்கொள்ளுங்கள். கூடை கழன்று வர அதுதான் உதவும்.

அடிப்பகுதியில் தொடங்கி, அடைபோல் தட்டிய கூழை ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறும்படி வைத்து, ஈரக்கையால் இணைப்பைத் தேய்த்து மறையுங்கள். கனம் எங்கும் 1 செ.மீ. இருக்கட்டும். தென்னை ஈர்க்கில் 1 செ.மீ. அளவில் மையால் கோடு போட்டு, பத்துப் பன்னிரண்டு இடத்தில் குத்திப் பாருங்கள். பக்கம் மெலிந்து அடி தடித்தால், மெலிந்த இடம் முன்னால் காய்ந்து தடித்த இடத்தை இழுக்கும், கூடை கோணும். விளிம்பை மட்டும் சற்றுத் தடிப்பாக விடலாம்; கை படுவது அங்கேதான். மிஞ்சும் கூழைக் குளிர்பெட்டியில் வையுங்கள். வெடிப்பு அடைக்க உதவும்.

இந்த ஈரக் கூடை ஒன்றேகால் கிலோ இருக்கும். காய்ந்தால் 300 கிராம்கூடத் தேறாது. ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் அந்தச் சுவரிலிருந்து வெளியேற வேண்டும். எடுத்த எடுப்பில் வெயிலில் வைத்தால் மேல்தோல் இறுகிச் சுருங்கும், உள்ளே ஈரம் அப்படியே நிற்கும், வெடிக்கும். முதல் நாள் காற்றோட்டமான நிழலில் வையுங்கள். தொட்டால் கையில் ஒட்டாமல், அழுத்தினால் லேசாக அமுங்கும் பதம் வந்ததும் கழற்றுங்கள். முழுக்கக் காயும்வரை அச்சில் விட்டுவிட்டால், சுருங்கும் கூழை உள்ளிருக்கும் பாத்திரம் தடுத்து, பக்கவாட்டில் மேலிருந்து கீழாகப் பிளக்கும். கழற்றிய கூடையை நிமிர்த்தி, துணியை உரித்து, காலை வெயிலும் மாலை வெயிலும் காட்டுங்கள். வாய் கோணினால் இந்தப் பதத்தில் கையால் நெருக்கிச் சரிசெய்யலாம்.

நல்ல வெயிலில் மூன்றிலிருந்து ஐந்து நாள் பிடிக்கும். கன்னத்தில் வைத்துப் பாருங்கள், சில்லென்றிருந்தால் உள்ளே ஈரம் உண்டு. சமையலறைத் தராசு இருந்தால் இரண்டு நாள் எடை மாறாமல் நிற்பதுதான் உறுதியான அடையாளம். ஐப்பசி, கார்த்திகையில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். கரும்புள்ளியாகப் பூசணம் கண்டால் தேய்த்து எடுத்து, வினிகரால் துடைத்து, கடும் வெயிலில் போடுங்கள். நாற்றம் உள்ளே ஏறிவிட்டால் கிழித்து உரக்குழியில் சேர்ப்பதே நல்லது. வெடிப்பை அடைக்கும்போது அதன் ஓரத்தை முதலில் ஈரப்படுத்துங்கள், இல்லையென்றால் புதுக்கூழ் உதிரும். புதுக்கூழும் சுருங்கும் என்பதால் இரண்டு தடவையாக அடையுங்கள்.

மேற்பரப்பை உப்புத்தாளால் தேய்த்து, 100 கிராம் மைதாவை 600 மி.லி. தண்ணீரில் காய்ச்சிய பசையால் மெல்லிய தாள்துண்டுகளை இரண்டு சுற்று ஒட்டலாம். முதல் சுற்றுக்கு நாளிதழ், இரண்டாவதற்கு வெள்ளைத்தாள் என்று வைத்தால் விட்டுப்போன இடம் தானே தெரியும். வண்ணம் பூசுவதென்றால் அடியில் சுண்ணாம்புக்கட்டிப் பொடியும் ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசையும் குழைத்துப் பூசித் தேய்த்துக்கொள்ளுங்கள். பளிச்சென்று நிறம் நிற்கும். புதுச்சேரி அருகே புவிசார் குறியீடு பெற்ற திருக்கனூர் காகிதக்கூழ் வேலைகளைப் பார்த்தால், இந்தத் தாளில் எவ்வளவு நுணுக்கம் வரும் என்பது தெரியும். இரண்டு கோட்டிங் வார்னிஷ் அடித்தால் ஈரக்கை பட்டாலும் தாங்கும். தண்ணீர் ஊற்றிவைக்கத் தாங்காது.

வெங்காயம், பூண்டு, நூல்கண்டு, சாவி எதுவும் போடலாம். மாவும் தானியமும் நேரடியாக வேண்டாம். அச்சு மை உணவில் படக்கூடாது என்றுதான் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. 2016-இல் நாளிதழில் உணவு மடிப்பதற்கு எதிராக அறிவுறுத்தியது.

இதே கூழை இன்னும் நைசாக அரைத்து, வெந்தய விழுதை இரட்டிப்பாக்கினால் ஓட்டை விழுந்த மூங்கில் முறத்தை மெழுகலாம். முறத்தில் புடைப்பது உணவு என்பதால் இதற்கு அச்சிடாத வெள்ளைத்தாளாக எடுங்கள். முறத்தைக் கழுவிக் காயவைத்து, பின்னலின் இடுக்கில் விரலால் அழுத்தித் தேய்த்து, மேலே மெல்லியதாக ஒரு பூச்சு பூசினால் போதும். தடித்தால் புடைக்கும்போது பெயர்ந்து விழும். ஒரு பக்கம் காய்ந்த பிறகே மறுபக்கம் பூசுங்கள்.