நுரை வரவில்லை என்று தேய்க்காதீர்கள்

வேளச்சேரியில் அக்கா வீட்டில் போர் தண்ணீர்தான். குழாய் வாயில் உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும். போன கோடையில் அமினோ ஆசிட் ஃபேஸ்வாஷ் வாங்கினாள். நுரை போதவில்லை என்று மூன்று முறை அமுக்கி, முகம் 'கிறீச்' என்று ஆகும்வரை தேய்த்தாள். ஒரே வாரத்தில் மூக்கோரம் தோல் உரிந்தது. பழி ஃபேஸ்வாஷ் மேல் விழுந்தது.

அந்தக் 'கிறீச்' சுத்தத்தின் அடையாளம் இல்லை. உப்புத் தண்ணீரில் உள்ள கால்சியத்தோடு சோப்பு சேர்ந்தால் கரையாத படலம் படியும். சோப்பு போட்டதும் தோல் இழுப்பதில் அதற்கும் பங்குண்டு. அமினோ வகையில், தேங்காய் எண்ணெயின் கொழுப்பு அமிலத்தைக் கிளைசின், குளுட்டமிக் அமிலம் போன்ற அமினோ அமிலங்களோடு இணைத்திருப்பார்கள். கழுவியபின் லேசாக வழுவழுவென்றுதான் இருக்கும். அதைப் போகாத அழுக்கு என்று நினைத்ததுதான் அக்கா செய்த தப்பு. கடலைப் பருப்பளவு எடுத்து, அரை நிமிடம் தடவிக் கழுவினால் போதும்.

அடுத்த தப்பு, பாட்டிலின் முன்பக்கத்தில் உள்ள பெயரை நம்புவது. பின்னால் திருப்பிப் பாருங்கள். பட்டியலின் தொடக்கத்திலேயே கோகோயில் குளுட்டமேட், கோகோயில் கிளைசினேட் என்று இருந்தால் சரி. தண்ணீருக்கு அடுத்தே லாரெத் சல்ஃபேட் என்ற வழக்கமான நுரைப்பொருள் வந்து, கடைசியில் வாசனைக்குப் பக்கத்தில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் ஒட்டிக்கொண்டிருந்தால் அமினோ வெறும் பெயருக்குத்தான். இன்னொன்று, கிளைசினேட் நன்றாக நுரைக்கக் காரத்தன்மை கொஞ்சம் வேண்டும். நம் தோலின் பிஎச்சோ 5-ஐ ஒட்டியது, அதாவது லேசான அமிலத்தன்மை. கழுவியதும் முகம் இறுகுகிறவர்கள் குளுட்டமேட் வகையைப் பார்க்கலாம்.

'ஆசிட்' என்ற பெயரைக் கேட்டே பயப்படுகிறவர்களும் உண்டு. தோலை உரிப்பது கிளைகாலிக் ஆசிட், கிளைசின் வேறு.

மென்மையானதுதானே என்று வியர்க்கும்போதெல்லாம் போடுவதும் வேண்டாம். நம் ஊர் மே மாதத்தில் அது எங்கே போய் முடியும்! காலை ஒன்று, இரவு ஒன்று. நடுவில் வெறும் தண்ணீர். வாட்டர்ப்ரூஃப் சன்ஸ்கிரீன் பூசிய நாளில் இது மட்டும் போதாது. முதலில் க்ளென்சிங் ஆயில், அப்புறம் இது.

அமினோ ஆசிட் சீரம் விஷயத்தில் எதிர்பார்ப்புதான் பெரிய தவறு. தோல் தானாகவே வைத்திருக்கும் ஈரம் காக்கும் பொருட்களில் ஏறக்குறைய 40 சதவீதம் அமினோ அமிலங்கள். அதனால் சீரத்தில் இருப்பதும் ஈரத்தைப் பிடித்து வைக்கும், சுருக்கத்தை நீக்காது. ஏசி அறையில் நாள் முழுக்க உட்காருகிறவர்கள் மேலே மாய்ஸ்சரைசரும் பூச வேண்டும்.

அக்கா இப்போது ஒரு முறைதான் அமுக்குகிறாள். முகத்தைக் கடைசியாக அலச மட்டும் ஒரு சொம்பு கேன் தண்ணீர்.