கிறிஸ்தவன் குடிக்கலாமா? இந்த விவாதத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாலிபர் கூடுகையில் இந்தக் கேள்வி எழுந்தால் அடுத்த அரை மணி நேரம் எப்படிப் போகும் என்று முன்பே எழுதி வைத்துவிடலாம். ஒருவர், இயேசு தண்ணீரைத் திராட்சரசமாக்கிய கானாவூரை எடுப்பார், இன்னொருவர் நீதிமொழிகளை எடுப்பார், மூன்றாமவர் "அப்போ நீங்க குடிக்கிறீங்களா பிரதர்?" என்பார். கத்தக்கூடாது, வசைபாடக்கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். நல்ல மனதோடு பேச வருகிறவர்களும் விழுகிற குழிகள் வேறு.

"திராட்சரசம் என்றால் ஜூஸ்தான்"

எத்தனை முறை கேட்டாலும் எரிச்சல் ஆறாத தவறு இதுதான்.

நம் சபைகளில் புழங்கும் பழைய தமிழ் வேதாகமத்தில் கானாவூர்க் கலியாணத்தில் வருவது திராட்சரசம். வயிற்றுக்காகக் கொஞ்சம் கூட்டிக்கொள் என்று தீமோத்தேயுவுக்குப் பவுல் சொல்வதும் (1 தீமோத்தேயு 5:23) திராட்சரசம். ஆனால் எபேசியர் 5:18லும் ரோமர் 14:21லும் மதுபானம் என்று இருக்கிறது. இதைப் பார்த்த தம்பி "நல்லது ரசம், கெட்டது மது" என்று கோடு கிழித்துவிடுகிறார். இந்த நான்கு இடங்களிலும் மூலமொழியான கிரேக்கத்தில் இருப்பது ஓய்னோஸ் (திராட்சைமது) என்ற ஒரே சொல். தமிழில் அது இரண்டாகப் பிரிந்தது மொழிபெயர்ப்பில்தான்.

பெரிய விஷயமா என்று கேட்கலாம். அந்தக் கோட்டை நம்பிக் குடிக்காமல் இருந்த பையன் கல்லூரிக்குப் போகிறான், விடுதியில் வேறொரு மொழிபெயர்ப்பைத் திறக்கிறான். கோடு அழிந்துபோகிறது. அதோடு "இதையே தப்பாகச் சொன்னவர்கள் வேறு எதைச் சரியாகச் சொல்லியிருப்பார்கள்?" என்ற கேள்வியும் வந்துவிடுகிறது.

இதே தவறை எதிர்ப்பக்கத்திலிருந்தும் செய்கிறார்கள். நாலு கிரேக்கச் சொல் படித்தவர், எழுபது வயது அம்மாவிடம் "மூலத்தில் அப்படி இல்லை ஆன்ட்டி" என்று சிரிக்கிறார். அந்த அம்மாவின் கணவர் எதனால் செத்தார் என்று அவருக்குத் தெரியாது.

இதற்குக் கிரேக்கமே தேவையில்லை. ஆதியாகமம் 9:21ஐத் தமிழிலேயே வாசிக்கச் சொல்லுங்கள். நோவா "திராட்சரசத்தைக் குடித்து, வெறிகொண்டு" கிடந்தான் என்றுதான் இருக்கிறது. அடுத்து நீதிமொழிகள் 20:1: "திராட்சரசம் பரியாசஞ்செய்யும்." அவரவர் கையிலிருக்கும் வேதாகமமே பேசிவிட்டால் யாரும் யாரிடமும் தோற்க வேண்டியதில்லை.

எல்லா இடத்திலும் மதுதான் என்று சாதிக்கும் தரப்புக்கும் ஒரு கடிவாளம் உண்டு. சுவிசேஷங்களில் கடைசி இராப்போஜனத்தைச் சொல்லும் பகுதிகளில் ஓய்னோஸ் என்ற சொல்லே வருவதில்லை. மத்தேயு 26:29ல் தமிழில் "திராட்சப்பழரசம்". மூலத்தில் திராட்சச்செடியின் பலன் என்ற பொருள். அதை வைத்து அது புளிக்காத சாறு என்றும் சாதிக்க முடியாது, ஏனென்றால் கொரிந்து சபையின் இராப்போஜனப் பந்தியில் ஒருவன் வெறியாயிருந்தான் என்று பவுலே கண்டிக்கிறார். சாற்றைச் சூடாக்கிப் புளிக்காமல் காக்கும் முறையைத் திருவிருந்துக்கென்று கொண்டுவந்தவர் தாமஸ் பிராம்வெல் வெல்ச் என்ற அமெரிக்க மெதடிஸ்ட் பல் மருத்துவர். அது நடந்தது 1869ல்.

குடிக்காமல் இருக்கத் தீர்மானித்தவருக்கு, சகோதரன் இடறுவான் என்றால் மதுபானத்தை விட்டுவிடுவது நல்லது என்னும் ரோமர் 14:21 ஒன்றே போதும். கானாவூரில் ஜூஸ் பரிமாறியிருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

கானாவூரையும் குவார்ட்டரையும் ஒன்றாக்குவது

இயற்கையாகப் புளிக்கும் திராட்சைமதுவில் ஆல்கஹால் சுமார் 15 சதவீதத்தைத் தாண்டுவது அரிது. அதற்குமேல் ஈஸ்ட் தாக்குப்பிடிக்காது. காய்ச்சி வடித்த சாராயம் வேதாகம காலத்துப் பந்தியில் கிடையாது. நம்மூர் பிராந்தி பாட்டிலில் 42.8 சதவீதம் என்று அச்சிட்டிருக்கும். 180 மி.லி. குவார்ட்டரில் 77 மி.லி. சுத்த ஆல்கஹால் இருக்கிறது. 12 சதவீத ஒயின் 150 மி.லி. டம்ளரில் 18 மி.லி. ஆக, ஒரு குவார்ட்டர் நாலு டம்ளர் ஒயினுக்கும் மேல். "இயேசுவே செய்தாரே" என்று ஆரம்பிப்பவரிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள், குரலை உயர்த்தாமல். அதற்காக, அந்தக் காலத்து மது தண்ணீர் மாதிரி என்று மறுபக்கம் சாயவும் வேண்டாம். நோவா எதைக் குடித்து விழுந்தான்?

"எனக்கு இடறலாயிருக்கிறது"

இந்தச் சொல்லைப் போல இஷ்டத்துக்கு இழுத்து நீட்டப்பட்ட சொல் வேறில்லை. 1 கொரிந்தியர் 8:10ல் இடறுகிறவன், உன்னைப் பார்த்துத் தன் மனசாட்சிக்கு விரோதமாக அதையே செய்யத் துணிகிறவன். போன வருஷம் குடியை விட்டவர் உங்கள் கையில் பீரைப் பார்த்துத் திரும்பிப் போனால் அது இடறல். முப்பது வருஷ விசுவாசியான மூப்பருக்கு முகம் சுளிக்கிறது என்றால் அதற்குப் பெயர் வருத்தம். வருத்தத்தையும் மதிக்கலாம், தவறில்லை. ஆனால் அந்தப் பெயரிலேயே சொல்லுங்கள்.

இரு தரப்புக்கும் ஒரே புத்திமதி

ரோமர் 14:3 இரண்டு தரப்புக்கும் வெவ்வேறு தடை போடுகிறது. புசிக்கிறவன் மற்றவனை அற்பமாய் எண்ணக்கூடாது. புசியாதவன் மற்றவனைக் குற்றவாளியாகத் தீர்க்கக்கூடாது. குடிப்பதில் தவறில்லை என்பவர் தன் பேச்சில் ஏளனத்தைத் தேடட்டும் (சட்டம் பேசும் போலி பக்தன் என்ற பொருளில் "பரிசேயன்" என்ற சொல் அங்கேதான் ஒளிந்திருக்கும்). கூடாது என்பவர் தன் பேச்சில் தீர்ப்பைத் தேடட்டும். "பின்மாற்றக்காரன்" (விசுவாசத்தை விட்டுப் பின்வாங்கியவன்) எந்த வாக்கியத்தில் வருகிறது என்று பார்த்தாலே போதும்.

"ஆர்.சி.க்காரங்க அப்படித்தான்"

கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் திருப்பலிக்குத் திராட்சையிலிருந்து வந்த உண்மையான ஒயினையே கேட்கிறது. இரட்சணிய சேனை (சால்வேஷன் ஆர்மி) என்ற சபையில் போர்வீரர் எனப்படும் அங்கத்தினர் மதுவைத் தொடுவதில்லை என்று உடன்படிக்கையில் கையெழுத்திடுகிறார். இரண்டும் யோசித்து எடுத்த நிலைப்பாடுகள். கிண்டலுக்கு இடமில்லை.

பாஸ்டரின் மகனை உதாரணம் காட்டுவது

கூடாது.

"விசுவாசம் இருந்தால் இன்றைக்கே நிறுத்து"

தினமும் அதிகமாகக் குடித்துப் பழகியவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு மூன்று நாட்களில் வலிப்பு வரலாம், சித்தம் கலங்கலாம், உயிரே போகலாம். கை நடுக்கமும் வியர்வையும் குழப்பமும் தெரிந்தால் அவரை உபவாச ஜெபத்துக்குக் கூட்டிப்போகாமல் நேராக மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். ஜெபத்தை ஆட்டோவில் போகும்போதே ஆரம்பிக்கலாம்.