ஃபயர்வாலை அப்கிரேட் செய்ததும் மெமரி கூடிவிட்டதா? எங்கே, எப்படிப் பார்ப்பது

ஜனவரி கடைசியிலும் ஜூலை கடைசியிலும் எனக்கு ஃபோன் கூடுதலாக வரும். ஓபிஎன்சென்ஸ் ஃபயர்வாலின் பெரிய பதிப்புகள் அந்த இரண்டு மாதங்களில்தான் வெளிவருகின்றன. 24.7 என்றால் 2024 ஜூலை, 25.1 என்றால் 2025 ஜனவரி. பாளையங்கோட்டை, வண்ணார்பேட்டை, டவுன் ரதவீதிகள், தெற்கே பணகுடி வரை நான் பார்த்துக்கொள்ளும் ஃபயர்வால் பெட்டிகள் கொஞ்சம் உண்டு. ராத்திரி கடை அடைத்த பிறகு அப்கிரேட் போட்டுவிட்டு வந்தால், காலையில் யாராவது ஒரு அண்ணாச்சி கூப்பிடுவார்: "தம்பி, முப்பதுல நின்ன மெமரி அறுபத்தஞ்சுக்குப் போயிட்டு. நெட்டு நல்லாத்தான் ஓடுது. ஆனா மனசு கேக்கல, புது ரேம் வாங்கிப் போட்ருவமா?"

நெட் நன்றாக ஓடுகிறது என்பதிலேயே பாதி பதில் இருக்கிறது. மீதிக்குப் பெட்டிக்குள் போய்ப் பார்க்க வேண்டும். ரேம் கடைக்குப் போவது கடைசி வேலை.

முதல் காரியம், ரீபூட் செய்யாதீர்கள். ரீபூட் போட்டால் சதவீதம் இறங்கும், மனசும் ஆறும். ஆனால் மெமரியை யார் பிடித்து வைத்திருந்தார்கள் என்ற தடயம் அதோடு போய்விடும். பிறகு அதே எண் மெல்ல ஏறி வந்து நிற்கும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

டாஷ்போர்டில் தெரியும் ஒற்றைச் சதவீதத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. இடப்பக்க மெனுவில் சிஸ்டம், அதில் டயக்னாஸ்டிக்ஸ், அதில் ஆக்டிவிட்டி என்று போங்கள். மேலே மெமரி வரி ஒன்று இருக்கும்: ஆக்டிவ், இன்ஆக்டிவ், லாண்டரி, வயர்ட், ஃப்ரீ. ஆக்டிவ் என்பது இப்போது வேலையில் இருப்பது. இன்ஆக்டிவ் என்பது கொஞ்ச நேரமாக யாரும் தொடாதது, கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடும். லாண்டரி என்பது டிஸ்கில் எழுதி வைத்துவிட்டுத்தான் காலி செய்ய முடிகிற பக்கங்கள். வயர்ட் என்பது இயங்குதளத்தின் மையமான கெர்னல் தன் கையில் வைத்திருப்பது, ஸ்வாப்புக்கு, அதாவது ரேம் போதாதபோது டிஸ்கில் ஒதுங்கும் இடத்துக்கு, போகாது. அப்கிரேட் ஆனதும் ஏறுவது அநேகமாக இந்த வயர்ட்தான். அண்ணாச்சிகள் பயப்படுவதும் இதைப் பார்த்துத்தான். ஃப்ரீ குறைந்திருக்கிறதே என்று மட்டும் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். ஓபிஎன்சென்ஸின் அடித்தள இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டி சும்மா கிடக்கும் ரேமைச் சும்மா விட்டுவைக்காது.

வயர்ட் ஏறியிருந்தால் அதற்குக் கீழே ஏஆர்சி என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பெட்டி இசட்எஃப்எஸ் கோப்பு முறையில் ஓடுகிறது. டிஸ்கிலிருந்து படித்ததையெல்லாம் இசட்எஃப்எஸ் ரேமில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளும், அதுதான் ஏஆர்சி. ஜவுளிக்கடையில் விரித்துக் காட்டிய சேலைகளை உடனே மடித்து அலமாரியில் ஏற்றாமல் மேசையிலேயே விட்டுவைப்பார்களே, அதே கதை. அடுத்து வருபவர் அதையே கேட்டால் கையோடு காட்டலாம், இடம் வேண்டுமென்றால் ஒதுக்கிவிடலாம். நிரல்கள் மெமரி கேட்டால் ஏஆர்சி சுருங்கிக் கொடுக்கும். ஆனால் கணக்கில் அது வயர்டுக்குள் வருவதால், பார்க்கிறவர்களுக்கு ஏதோ கெர்னலே ரேமை விழுங்கிவிட்ட மாதிரித் தெரிகிறது. பழைய யூஎஃப்எஸ் முறையில் இதே பிரதிகள் பெரும்பாலும் இன்ஆக்டிவில் போய் உட்காரும், 'பயன்பாட்டில் உள்ளது' என்ற எண்ணிலும் சேராது. வேலை ஒன்றுதான், எழுதப்படும் பத்தி மட்டும் மாறுகிறது.

இங்கே ஒரு விஷயத்தைக் கேட்டே ஆக வேண்டும்: நடந்தது உண்மையிலேயே அப்கிரேடா, இல்லை புது இன்ஸ்டாலா? உள்ளேயே பட்டனை அழுத்தி அப்கிரேட் செய்தால் கோப்பு முறை மாறாது, யூஎஃப்எஸ் யூஎஃப்எஸ்ஸாகவே இருக்கும். ஆனால் நம் ஊரில் பலர், பெரிய பதிப்பு வந்தால் பென் டிரைவில் புதிதாகப் போட்டு, பழைய கான்ஃபிக்கை ஏற்றிவிடுவார்கள். சுத்தமாக இருக்குமாம். அப்படிப் போடும்போது இசட்எஃப்எஸ் வந்துவிடுகிறது. பிஎஃப்சென்ஸ் என்ற இன்னொரு ஃபயர்வாலிலும் 2022-ல் வந்த 2.6.0 முதல் புது இன்ஸ்டாலில் இசட்எஃப்எஸ்தான் இயல்பான தேர்வு. வடக்கு ரதவீதி ஜவுளிக்கடை ஒன்றில் நான் பார்த்தது இதைத்தான். அதே பெட்டி, அதே கான்ஃபிக், அதே டிராஃபிக். மாறியது கோப்பு முறை மட்டும். பழி என்னவோ புதுப் பதிப்பின் மேல் விழுந்தது.

இன்னொன்று, அப்கிரேட் முடிந்ததும் கவனமானவர்கள் ஃபர்ம்வேர் பக்கத்தில் ஹெல்த் ஆடிட் ஓட்டுவார்கள். நல்ல பழக்கம், நானும் ஓட்டுவேன். ஆனால் அது நிறுவிய கோப்புகளை ஒவ்வொன்றாகப் படித்துச் சரிபார்க்கிறது. படித்ததெல்லாம் ஏஆர்சியில் போய்ச் சேரும். ஆடிட் முடிந்த கையோடு டாஷ்போர்டைத் திறந்தால் எண் கூடத்தான் இருக்கும்.

ஏஆர்சிக்கு வரம்பு போடலாமா என்று கேட்பார்கள். இயல்பான உச்ச வரம்பு தாராளமானது, மொத்த ரேமில் ஏறக்குறைய 1 ஜிபியை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அது எடுத்துக்கொள்ளலாம். ஃபயர்வாலில் படிக்கிற கோப்புகள் குறைவு என்பதால் அந்த அளவுக்கெல்லாம் போகாது. 8 ஜிபி பெட்டியில் இதைத் தொடவே மாட்டேன். 4 ஜிபி பெட்டியில் ஊடுருவலைக் கண்டறியும் நிரலான சூரிகாட்டாவும் ஓடுகிறது, ஸ்வாப்பும் நகர்கிறது என்றால் மட்டும் சிஸ்டம், செட்டிங்ஸ், டியூனபிள்ஸ் பக்கத்தில் ஏஆர்சியின் உச்ச அளவுக்கான வரியைச் சேர்ப்பேன். மதிப்பைப் பைட்டில் எழுத வேண்டும், 1 ஜிபி என்றால் 1073741824. ஒரு சைபர் தவறினாலும் கணக்கு எங்கேயோ போய்விடும் என்பதால் இந்த எண்ணை நகலெடுத்தே ஒட்டுங்கள்.

இதற்காக யூஎஃப்எஸ்ஸுக்குத் திரும்புகிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். மாதாந்திரப் பராமரிப்பு என்று பகலில் கரண்ட் நிற்கிற ஊர் இது, எல்லாக் கடையிலும் யூபிஎஸ் பேட்டரி நன்றாக இருக்கிறது என்று சத்தியம் செய்ய முடியாது. சட்டென்று அணைந்தால் யூஎஃப்எஸ் பெட்டி சில சமயம் எழுந்திருக்காமல் கோப்புச் சோதனையிலேயே நிற்கும். இசட்எஃப்எஸ் அந்த விஷயத்தில் கெட்டி. கொஞ்சம் ரேம் போனால் போகட்டும்.

சரி, ஏஆர்சி சின்னதாக இருக்கிறது, ஆக்டிவ்தான் ஏறியிருக்கிறது என்றால் நிரல்களைப் பார்க்க வேண்டும். அதே ஆக்டிவிட்டி பக்கத்தில் கீழே உள்ள பட்டியலில் ரெஸ் என்ற பத்தியின் தலைப்பைத் தட்டி, பெரியது மேலே வரும்படி அடுக்குங்கள். பக்கத்தில் சைஸ் என்று இன்னொரு பத்தி இருக்கும், அதை விட்டுவிடுங்கள். அது நிரல் கேட்டு வைத்திருக்கும் முகவரி இடம், உண்மையில் ரேமில் உட்கார்ந்திருப்பது ரெஸ். அப்புறம் இந்தப் பட்டியல் நிரல்களை இழை இழையாக (த்ரெட்) பிரித்துக் காட்டுகிறது. வண்ணார்பேட்டை ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் பதறிப்போய் எனக்குப் படம் பிடித்து அனுப்பினார். சூரிகாட்டா என்ற பெயர் வரிசையாக வந்து, ஒவ்வொரு வரியிலும் ஒரே அளவு, ஒன்றரை ஜிபிக்குப் பக்கத்தில். அவர் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்திருக்கிறார், பெட்டியில் இருக்கும் ரேமைவிட அதிகம் வந்திருக்கிறது. முதல் பத்தியில் உள்ள பிராசஸ் எண் எல்லா வரியிலும் ஒன்றேதான் என்பதைப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும். அத்தனை இழைகளும் பகிர்ந்துகொள்வது அதே ஒன்றரை ஜிபியைத்தான். ஃபயர்வாலின் வலைப்பக்கத்தை இயக்கும் பிஎச்பி நிரல்கள் நாலைந்து ஓடும்போதும் இப்படித்தான், பிராசஸ் எண் வேறு வேறாக இருந்தாலும் உள்ளே பொதுவாகப் பகிரும் பங்கு உண்டு, கூட்டினால் தப்பாக வரும்.

சூரிகாட்டாதான் முதலிடம் என்றால், எத்தனை விதித் தொகுப்புகள் இயங்குகின்றன என்று பாருங்கள். ஸ்கேன் சென்டருக்கு எதற்கு எல்லாத் தொகுப்பும்? தேவையில்லாததை அணைத்தால் மெமரி கண்முன்னே இறங்கும். அடுத்தது பேட்டர்ன் மேட்சர், டிராஃபிக்கை விதிகளோடு ஒப்பிட்டுத் தேடும் பகுதி. ஆஹோ-கோராசிக் என்பது 1975-ல் வெளியான தேடல் முறை, அதன் அட்டவணைகள் விதிகள் கூடக் கூட வீங்கும். ஹைப்பர்ஸ்கேன் அதைவிடச் சிக்கனம், வேகமும் கூடுதல், சிபியு மட்டும் கொஞ்சம் புதியதாக இருக்க வேண்டும். இன்ட்ரூஷன் டிடெக்ஷன் அமைப்புப் பக்கத்தில் எது தேர்வாகியிருக்கிறது என்று அப்கிரேடுக்குப் பிறகு ஒரு தடவை பார்த்துக்கிடுங்க. விதிகளைப் புதுப்பிக்கும் நேரத்திலும் ஒரு திடீர் ஏற்றம் வரும். பழைய விதிகளோடு காவல் நின்றுகொண்டிருக்க, புதியவற்றை ரேமில் முழுதாகக் கட்டி முடித்த பிறகுதான் மாற்றிக்கொள்கிறது. அந்தச் சில நிமிடம் இரண்டு பிரதியும் இருக்கும். 4 ஜிபி பெட்டி மூச்சுத் திணறுவது இந்த நேரத்தில்தான். அதை விடிகாலைக்குத் தள்ளி வையுங்கள்.

கிளாம்ஏவி என்ற வைரஸ் தேடும் நிரலைப் போட்டிருந்தால் அதுவும் இதே ரகம். வைரஸ்களை அடையாளம் காணும் கையெழுத்துத் தொகுப்பை ஏற்றவே 1 ஜிபிக்கு மேல் எடுக்கும். 0.103 பதிப்பு முதல் புதுப்பிக்கும்போது பழையதும் புதியதும் சேர்ந்தே ரேமில் இருக்கும். இதை அணைக்க அமைப்பு உண்டு, அணைத்தால் ஏற்றி முடியும்வரை ஸ்கேன் காத்திருக்கும். உண்மையைச் சொன்னால், இன்று ஓடுகிற டிராஃபிக் அநேகமாக எல்லாமே குறியாக்கம் செய்யப்பட்டது. சின்னக் கடை ஃபயர்வாலில் அதற்கு அவ்வளவு வேலை இல்லை. நான் எடுத்துவிடச் சொல்வேன். இணையப் பெயர்களைத் தேடித் தரும் அன்பவுண்ட் சேவையில் விளம்பரத் தடுப்புப் பட்டியல்கள் ஏழெட்டைச் சேர்த்து வைத்திருந்தால் அத்தனை பெயர்களும் ரேமில்தான் இருக்கும். நல்ல பட்டியல் ஒன்றே போதும்.

நிரல்களைக் கூட்டியாயிற்று, ஏஆர்சியையும் சேர்த்தாயிற்று, இன்னும் கணக்கு இடிக்கிறது என்றால் ரேம் டிஸ்கைச் சந்தேகப்படுங்கள். எஸ்எஸ்டி தேயாமல் இருக்க லாக் கோப்புகளை ரேமில் வைக்கும் வசதி அது. அதில் போகும் மெமரி பட்டியலில் எந்த நிரலின் பெயரிலும் வராது. பணகுடிப் பக்கம் காற்றாலைப் பராமரிப்பு ஆபீஸ் ஒன்றில் இது இருந்தது. ஆடிக் காற்றில் வயர்லெஸ் லிங்க் விழுந்து விழுந்து எழும். ஒவ்வொரு தடவையும் கேட்வே கண்காணிப்பு லாக்கில் எழுதித் தள்ளும். லாக் ரேமில், ரேம் நிரம்புகிறது. அப்கிரேட் தற்செயலாக அதே வாரத்தில் நடந்தது, அவ்வளவுதான். லாக்கை எத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்ற எண்ணைக் குறைத்தோம், தீர்ந்தது. அந்த ஆபீஸ்காரர்கள், நடப்பிலுள்ள இணைப்புகளை ஃபயர்வால் குறித்து வைக்கும் ஸ்டேட் டேபிளைச் சந்தேகப்பட்டார்கள். ஒரு ஸ்டேட்டுக்குச் சுமார் 1 கேபி, மொத்த வரம்பு இயல்பாக ரேமில் 10 சதவீதம். சில ஆயிரம் இணைப்புகள் உள்ள ஆபீஸில் அது சில எம்பிதான், காரணமாக இருக்க வழியில்லை.

இனி மெமரி கசிவு, அதாவது எடுத்த மெமரியை நிரல் திருப்பிக் கொடுக்காமல் சேர்த்துக்கொண்டே போவது. உண்மையான கசிவு வருவதுண்டு, புதுப் பதிப்பின் முதல் வெளியீட்டில் கொஞ்சம் கூடுதலாகவே. ஆனால் அதை ஒரு நாள் எண்ணை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. ரிப்போர்ட்டிங், ஹெல்த் பக்கத்தில் மெமரி வரைபடத்தை ஒரு வார அளவில் பாருங்கள். படி மாதிரி ஒரு தடவை ஏறி, பிறகு மட்டமாக நின்றால் அது புதுப் பதிப்பின் இயல்பு நிலை. 24.7-ல் அடித்தளமே ஃப்ரீபிஎஸ்டி 13.2-லிருந்து 14.1-க்கு மாறியது, அந்த மாதிரிச் சமயத்தில் பழைய எண்ணையே எதிர்பார்ப்பது நியாயமில்லை. கோடு மட்டப்படாமல், ராத்திரி கடை மூடியிருக்கும்போதும் சாய்வாக ஏறிக்கொண்டே போனால்தான் கசிவு. ஸ்வாப்பும் அதோடு சேர்ந்து ஏறினால் சந்தேகமே வேண்டாம். சிஸ்டம் லாக்கில் 'அவுட் ஆஃப் ஸ்வாப் ஸ்பேஸ்' அல்லது 'ஃபெயில்டு டு ரீக்ளெய்ம் மெமரி' என்று ஒரு நிரலைக் கொன்ற வரி இருக்கிறதா என்றும் தேடுங்கள். அங்கே பெயர் வரும் நிரல் பலியானது மட்டும்தான், குற்றவாளி வேறாக இருக்கலாம். பெரியதாக இருப்பதைப் பார்த்துத்தான் கெர்னல் வெட்டும்.

கசிவு என்று உறுதியானால், சந்தேகப்படும் சேவைகளை ஒவ்வொன்றாக ரீஸ்டார்ட் செய்யுங்கள், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே ரெஸ்ஸைப் பார்த்தபடி. எதை ரீஸ்டார்ட் செய்ததும் கோடு சரிந்து, மறுபடி அதே சாய்வில் ஏறுகிறதோ அதுதான் ஆள். எதைச் செய்தும் சரியவில்லை, ஏஆர்சியும் சின்னது, வயர்ட் மட்டும் வளர்கிறது என்றால் கெர்னல் அல்லது நெட்வொர்க் கார்டு டிரைவர் பக்கம். அதை நாம் திருத்த முடியாது. பதிப்பு எண், கார்டு மாடல், வரைபடம் மூன்றையும் சேர்த்து உருவாக்குநர்களுக்கு எழுதிவிட்டு, திருத்தம் வரும்வரை பழையதற்குத் திரும்ப வேண்டியதுதான். இசட்எஃப்எஸ் பெட்டியில் சிஸ்டம் மெனுவில் ஸ்னாப்ஷாட்ஸ் இருக்கிறது. அப்கிரேடுக்கு முன் ஒன்று எடுத்திருந்தால் அதை ஆக்டிவேட் செய்து ரீபூட் போட்டால் போதும். இடையில் செய்த மாற்றங்கள் போய்விடும் என்பதால் கான்ஃபிக்கைத் தனியாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ரேம் வாங்கச் சொல்வது எப்போது? 4 ஜிபி பெட்டியில் சூரிகாட்டா கண்டிப்பாக வேண்டும், விதிகளையும் குறைத்தாயிற்று, அப்படியும் விதி புதுப்பிக்கும் நேரத்தில் ஸ்வாப் ஏறுகிறது என்றால் தயங்காமல் 8 ஜிபி போடுங்கள். வாங்குமுன் பெட்டியைத் திறந்து பாருங்கள். சில மினி பெட்டிகளில் ரேம் போர்டிலேயே பற்ற வைத்திருக்கும், மாற்றவே முடியாது.