.22 வெடிக்கவில்லையா? முதலில் தோட்டாவின் விளிம்பைப் பாருங்கள்

எங்கள் கம்மவான்பேட்டையில் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத வீடு அபூர்வம். நானும் போனேன், துப்பாக்கி துடைத்தே பல வருஷம் கழிந்தது. அதனால் டெக்சாஸில் இருக்கும் என் அக்கா மகன் துப்பாக்கியில் கோளாறு என்றால் எனக்குத்தான் போன் போடுவான். போன ஞாயிறு ராத்திரி வீடியோவில் வந்தான். "மாமா, பத்துக்கு மூணு தோட்டா வெடிக்க மாட்டேங்குது. டிக்னு சத்தம் மட்டும்தான்."

அவனிடம் இருப்பது ஏஆர்-7 வகை சர்வைவல் ரைபிள். அமெரிக்க விமானப் படையினருக்காக உருவான ஏஆர்-5இன் வழியில் 1950களின் கடைசியில் வந்தது. .22 எல்ஆர் தோட்டா, எட்டுத் தோட்டா பிடிக்கும் மேகசின். குழலைக் கழற்றித் தோளில் முட்டும் கட்டைக்குள்ளேயே வைத்து மூடிவிடலாம். அங்கே லைசென்ஸ் எடுத்து முயல், அணில் சுடுகிறார்கள். நம்மூரில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக்கு இடமில்லை. ஆனால் என்சிசியிலோ ரைபிள் கிளப்பிலோ .22 பிடிக்கிறவர்களுக்கும் கீழே சொல்வதில் பெரும்பகுதி அப்படியே பொருந்தும்.

படி 1: டிக் என்றதும் போல்ட்டை, அதாவது தோட்டாவைப் பின்னாலிருந்து மூடும் இரும்புத் துண்டை, இழுக்காதீர்கள். குழல் முனையை இலக்குப் பக்கமே வைத்து 30 நொடி காத்திருங்கள். சில தோட்டா தாமதமாக வெடிக்கும். வழக்கத்தைவிட மெலிந்த 'புஸ்' சத்தம் கேட்டால் அன்றைக்குச் சுடுவதை அதோடு நிறுத்துங்கள். குண்டு குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம், அடுத்த குண்டு போனால் குழல் கிழியும். இதில் நான் யாருக்கும் சலுகை தருவதில்லை.

படி 2: வெடிக்காத தோட்டாவைக் கையில் எடுங்கள். ஆரம்பக்காரர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். கோளாறு என்றதும் தேய்க்க ஆரம்பித்துவிடுகிறார்கள். .22இல் வெடிமருந்துக்குத் தீ வைக்கும் கலவை அடிப்பாகத்தின் நடுவில் இல்லை, சுற்று விளிம்புக்குள் இருக்கிறது. சுத்தியல் தட்டியதும் ஃபயரிங் பின் என்ற ஊசி அந்த விளிம்பை நசுக்கினால்தான் தீ பிடிக்கும். ஒழுங்காக வெடித்த ஒரு காலி கேஸைப் பக்கத்தில் வைத்து, விளிம்பில் விழுந்த தடத்தை ஒப்பிடுங்கள்.

இரண்டிலும் ஒரே ஆழமா? துப்பாக்கி தன் வேலையைச் செய்திருக்கிறது. அந்த இடத்தில் கலவை இல்லாமல் போயிருக்கும், தோட்டா பெட்டியை மாற்றுங்கள். தடம் லேசாக இருந்தால் அடி பலமாக விழவில்லை, துப்பாக்கியைப் பார்க்க வேண்டும். தடமே இல்லையென்றால் ஃபயரிங் பின் தேய்ந்திருக்கலாம், அல்லது முறிந்திருக்கலாம்.

அவன் காட்டிய தோட்டாவில் நகக்கீறல் மாதிரிதான் தடம் இருந்தது. "கடைசியா எப்ப துடைச்சே?" என்றேன். "நேத்துதான் மாமா, எண்ணெய் நிறைய விட்டேன்" என்றான். சரி, பாதி விடை கிடைத்துவிட்டது. தையல் மெஷினுக்குத் தேங்காய் எண்ணெய் விட்ட வீடுகளுக்குத் தெரியும், நாளடைவில் அது பிசினாகிச் சக்கரம் நகராது. போல்ட்டுக்குள் ஃபயரிங் பின் ஓடும் துவாரத்திலும் அதே கதைதான். எண்ணெயும் கரியும் கலந்து குழம்பாகி, பின்னின் வேகத்தைத் தின்றுவிடும்.

படி 3: குழலை இறுக்கிப் பிடிக்கும் நட்டைப் பாருங்கள். கழற்றி மாட்டும் துப்பாக்கியில் இந்த நட்டு தளர்ந்தால் குழல் ஆடும். போல்ட் முழுதாக மூடவில்லை என்றாலும் சுத்தியலின் அடி அதை மூடுவதிலேயே செலவாகிவிடும். கையால் இறுக்கினால் போதும், ஸ்பானர் வேண்டாம்.

படி 4: துடைப்பது. மேகசினைக் கழற்றி, தோட்டா உட்காரும் அறையான சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் சோதியுங்கள். தோட்டாப் பெட்டி வேறு அறைக்குப் போகட்டும். குழலைக் கழற்றி, கரியைக் கரைக்கும் திரவமான சால்வன்ட்டில் நனைத்த பித்தளை பிரஷ்ஷைச் சேம்பர் பக்கமிருந்து விடுங்கள். சேம்பரில் கரி வளையமாகப் படியும், அங்கே மட்டும் பொறுமையாகச் சுழற்றித் தேயுங்கள். அப்புறம் பட்டாளத்தில் சிந்தி என்போமே, அந்த ஃபிளானல் துண்டுகளைக் கறுப்பு வராத வரை இழுங்கள்.

போல்ட்டின் முகத்தையும் காலி கேஸை இழுத்து வெளியே எடுக்கும் எக்ஸ்ட்ராக்டர் நகத்தின் அடியையும் பழைய பல் பிரஷ்ஷால் துடையுங்கள். போல்ட்டைக் கழற்றுவதானால் உங்கள் மாடலின் கையேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கழற்றுங்கள், ஸ்பிரிங் துள்ளி ஓடும். ஃபயரிங் பின் ஓடும் துவாரத்தில் சால்வன்ட் விட்டு அலசி, உலர விடுங்கள். அங்கே எண்ணெய் வேண்டாம். போல்ட் உரசும் பக்கங்களில் மட்டும் ஒரு சொட்டு, அதையும் துணியால் ஒற்றிவிடுங்கள்.

மாட்டிய பிறகு காலி சேம்பரில் டிக் டிக் என்று அடித்துப் பார்க்கும் ஆசை வரும். .22இல் ஃபயரிங் பின்னின் முனை சேம்பர் விளிம்பில் மோதிச் சேதமாகும், செய்யாதீர்கள். மேகசின் வாயில் தோட்டாவைப் பிடித்திருக்கும் உதடு வளைந்திருக்கிறதா என்று மட்டும் ஒரு பார்வை.

இவ்வளவும் செய்தும் தடம் லேசாகவே விழுந்தால், சுத்தியல் ஸ்பிரிங்கையோ பின்னையோ துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம் மாற்றுங்கள். அவனுக்கு அந்த வேலை வரவில்லை, இரண்டு மேகசினும் காலியானது, பதினாறும் வெடித்தது. வீடியோவில் காட்டிக்கொண்டே தட்டில் கை வைக்கப் போனான். "டேய், ஈயம்டா அது, சோப்பு போட்டுக் கழுவிட்டு வா" என்று அனுப்பினேன்.