கூடு கட்டும் காலத்தில் பறவை பார்ப்பது எப்படி? புதுச்சேரியில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

புதுச்சேரியில் பறவை பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் மார்கழி, தை மாதங்களில் வலசை வாத்துகளைத் தேடி ஊசுடு ஏரிக்குப் போவார்கள். கட்டாயம் போங்கள். ஆனால் ஒரு பறவை எப்படிப் பிழைக்கிறது, எதற்குப் பயப்படுகிறது, எவ்வளவு உழைக்கிறது என்று தெரிய வேண்டுமானால் அது கூடு கட்டும் நாட்களில் பார்க்க வேண்டும். அதற்குத் தெருமுனை வேப்பமரமே போதும். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: பறவையைப் பார்க்கலாம், கூட்டைத் தேடிப் போகக் கூடாது.

1. எப்போது, எங்கே

எல்லாப் பறவைக்கும் ஒரே பருவம் கிடையாது. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பிய பிறகு கொக்கு, நீர்க்காகம் போன்றவை கூடு வைக்கும். மாசி, பங்குனியில் ஊருக்குள் மைனா, பச்சைக்கிளி, குக்குறுவான் எல்லாம் பொந்து பிடிக்கத் தொடங்கும். சித்திரை, வைகாசி காக்கைக்கும் குயிலுக்குமான மாதங்கள். கோடையில் ஏரி வற்றினால் ஓரத்துக் கட்டாந்தரையில் ஆள்காட்டிக் குருவி முட்டையிடும்.

முதல் சில வாரங்களுக்குப் பாரதி பூங்காவே நல்லது. அங்குள்ள பறவைகளுக்கு மனித நடமாட்டம் பழகிப்போயிருப்பதால் சட்டென்று பறந்துவிடாது. அடுத்து, 1826-இல் பிரெஞ்சுக்காரர்கள் அமைத்த தாவரவியல் பூங்கா. முதிர்ந்த மரங்கள் இருக்கும் இடத்தில்தான் பொந்துகளும் இருக்கும். கண் பழகியபின் ஊசுடு ஏரிக்குப் போகலாம். புதுச்சேரி அரசு 2008-இல் அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. கடலூர்க்காரர்களுக்குப் பாகூர் ஏரி பக்கம்; குறிஞ்சிப்பாடிப் பக்கம் இருப்பவர்களுக்குப் பெருமாள் ஏரி.

2. பைனாகுலரைச் சரிசெய்வது

8x42 என்று போட்டிருப்பதை வாங்குங்கள், அல்லது யாரிடமாவது இரவல் வாங்குங்கள். எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும். முன்பக்கக் கண்ணாடியின் விட்டம் 42 மி.மீ. பத்து மடங்கு காட்டுவது இன்னும் மேல் என்று தோன்றும். ஆனால் கை நடுங்கும்போது படமும் அதே அளவு கூடுதலாக ஆடும்.

வலது கண்ணை மூடிக்கொண்டு, நடுச்சக்கரத்தைத் திருப்பி இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். அப்புறம் இடது கண்ணை மூடி, வலது பக்க வளையத்தைத் திருப்பி அதே பொருளைத் தெளிவாக்குங்கள். இதை ஒருமுறை செய்தால் போதும், பிறகு நடுச்சக்கரம் மட்டும்தான். பறவையைக் கண்டதும் குனிந்து பைனாகுலரைத் தேடாதீர்கள். பறவை மேல் வைத்த கண்ணை எடுக்காமல் கருவியைக் கண்ணுக்குக் கொண்டு வாருங்கள்.

3. நின்று பார்ப்பது

விடிந்ததும் போய்விடுங்கள். சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். மங்கிய நிறச் சட்டை போதும். ஒரு மரத்தைத் தேர்ந்துகொண்டு கால் மணி நேரம் அசையாமல் நில்லுங்கள். நடந்துகொண்டே பார்ப்பவர்களைவிட நின்று பார்ப்பவர்களுக்குத்தான் அதிகம் கிடைக்கும்.

4. பறவை என்ன செய்கிறது?

பெயர் கண்டுபிடிப்பதைவிட இது சுவையான வேலை. அலகில் நார், சுள்ளி, பஞ்சு இருந்தால் கூடு கட்டுகிறது. புழுவைப் பிடித்தும் விழுங்காமல் ஒரே திசையில் பறந்தால் எங்கோ குஞ்சு காத்திருக்கிறது. திரும்பி வரும்போது அலகில் வெள்ளையாகச் சின்ன உருண்டை ஒன்று இருக்கிறதா? அது குஞ்சின் எச்சம். கூட்டைச் சுத்தமாக வைக்க எடுத்துப் போய்த் தூரத்தில் போடுகிறது.

வீட்டுக் கொடிகளில் தொங்கும் ஊதாப்பிட்டுத் தேன்சிட்டின் கூட்டைத் தொலைவிலிருந்து பைனாகுலரில் பாருங்கள். குப்பை தொங்குவது மாதிரிதான் இருக்கும். சிலந்தி வலையால் நாரையும் மரப்பட்டைத் துணுக்கையும் ஒட்டி, பக்கவாட்டு வாசலுக்கு மேல் சிறு கூரையும் வைத்திருக்கும். கட்டுவது பெண் பறவை. குஞ்சு வந்ததும் ஆணும் இரை கொண்டு வரும்.

ஏரியில் முக்குளிப்பானைக் கவனியுங்கள். நீர்ப்பாசியைக் குவித்து மிதக்கும் கூடு கட்டும். ஆபத்து என்று தோன்றினால் பக்கத்துப் பாசியை அலகால் இழுத்து முட்டை மேல் போர்த்திவிட்டு நீரில் மூழ்கிவிடும். அதன்பின் அங்கே பார்த்தால் வெறும் பாசிக் குவியல்தான். வெள்ளையாக இட்ட முட்டைகள் நாளாக நாளாகப் பழுப்பேறிப்போவது இதனால்தான்.

குயில் காக்கைக் கூட்டில்தான் முட்டையிடும். சித்திரையில் கறுத்த ஆண் குயிலைக் காக்கைகள் துரத்துவதைப் பார்த்தால் அங்கேயே நில்லுங்கள். புள்ளிபோட்ட பெண் குயிலும் அருகில் இருக்கலாம்.

5. எவ்வளவு தூரம் போதும்?

மீட்டர் கணக்கு சொல்ல மாட்டேன், பறவையே சொல்லிவிடும். செய்துகொண்டிருந்த வேலையை விட்டு உங்களையே பார்க்கிறதா, விடாமல் கத்துகிறதா, இரையோடு கூட்டுக்குப் போகாமல் கிளைகிளையாகத் தாவுகிறதா? நீங்கள் நெருங்கிவிட்டீர்கள். உடனே பின்வாங்குங்கள். வெயில் நேரத்தில் ஆள்காட்டியைத் தரையிலிருந்து எழுப்பிவிட்டால் அதன் முட்டைகள் சூட்டில் வெந்துபோகக்கூடும்.

இன்னொரு காரணமும் உண்டு, இதைப் பலர் யோசிப்பதில்லை. ஊர்க் காக்கை நம்மைக் கவனித்துக்கொண்டே இருக்கும். நாம் ஒரு புதரை விலக்கிப் பார்த்துவிட்டு வந்தால், நாம் போனபின் அதே இடத்தைக் காக்கையும் பார்க்கும். மறைப்புக்கு இருந்த இலையை ஒடித்திருந்தால் அதற்கு வேலை இன்னும் சுலபம். படத்துக்காகக் கிளையை வளைக்காதீர்கள், ஃபிளாஷ் போடாதீர்கள். மொபைலில் பறவைக் குரலை ஒலிக்கவிடாதீர்கள்; எதிரி வந்துவிட்டதென்று ஆண் பறவை கூட்டை விட்டு அலையும். கூடு இருக்கும் இடத்தை வாட்ஸ்அப்பில் பகிரவும் வேண்டாம். காட்டுப் பறவைகளின் கூட்டையும் முட்டையையும் சேதப்படுத்துவதையும் கலைப்பதையும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்றே வகைப்படுத்துகிறது.

6. எழுதி வையுங்கள்

தேதி, நேரம், இடம், பறவை, எண்ணிக்கை, என்ன செய்தது. இவ்வளவுதான். சந்தேகம் இருந்தால், பறவையை அடையாளம் காட்டும் மெர்லின் செயலியில் பார்த்துக்கொள்ளலாம். பதிவுகளை, பறவைப் பதிவுகளைச் சேர்த்து வைக்கும் இபேர்ட் இணையதளத்தில் ஏற்றலாம்.

7. கீழே விழுந்த குஞ்சு

இந்தப் பருவத்தில் கட்டாயம் எதிர்ப்படும். இறகு முளைத்துத் தத்தித் தாவுகிற குஞ்சு என்றால் அது பறக்கப் பழகுகிறது. வீட்டுக்குத் தூக்கிப் போகாதீர்கள். நாய், பூனை நடமாட்டம் இருந்தால் பக்கத்துக் கிளையில் வைத்துவிட்டு விலகுங்கள். இறகே இல்லாத குஞ்சு என்றால், கூடு கைக்கு எட்டும் உயரத்தில் தெரிந்தால் மெதுவாக அதில் வைத்துவிடுங்கள். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது உண்மையில்லை.