எங்கள் லயத்துப் பாதையின் கணக்கைக் கேட்டு வாங்கிய விதம்

இலங்கையின் நுவரெலியா மாவட்டத்தில், எங்கள் தோட்டத்து மேல் லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) பிரதேச சபை போட்ட கொங்கிரீட் பாதை, முதல் மழைக்காலத்திலேயே ஓரம் உடைந்துவிட்டது. உடைந்த இடத்தில் டேப் வைத்துப் பார்த்தால் கனம் மூன்று அங்குலம்கூட இல்லை. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் பாதை. சும்மா விட மனம் வரவில்லை.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபைக்குத் தமிழிலேயே விண்ணப்பம் எழுதினேன். "பாதை ஏன் உடைந்தது?" என்று கேட்டால் நியாயம் சொல்வார்களே தவிர, தாள் வராது. ஆகவே மதிப்பீடு, அளவீட்டுத் தாள், கொடுப்பனவு வவுச்சர் மூன்றின் பிரதிகளையும் கேட்டேன். விண்ணப்பம் கிடைத்ததென்று எழுத்தில் வாங்கி வைப்பது ரொம்ப முக்கியம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். எங்களுக்கு "நாளைக்கு வாங்க" என்றே இழுத்தார்கள். சரி என்று, இப்படியான மேன்முறையீடுகளைக் கேட்கும் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு போட்டேன். அப்புறம்தான் பிரதிகள் கைக்கு வந்தன. அங்கும் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு வரை போகலாம்.

அளவீட்டுத் தாளில் கனம் ஐந்து அங்குலம் என்று எழுதி, கையெழுத்தும் போட்டிருந்தது! அந்தத் தாளையும், டேப் தெளிவாகத் தெரியும் படங்களையும் சேர்த்துச் சபையின் செயலாளருக்கு அனுப்பினேன். தேசிய கணக்காய்வு அலுவலகத்துக்கும் ஒரு பிரதி போனது. பிரதேச சபைகளின் கணக்கை ஆய்வு செய்வது அந்த அலுவலகத்தின் தலைவரான கணக்காய்வாளர் நாயகம்தான்.

ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்காமல் பிடித்து வைத்திருந்த பணம் இன்னும் சபையிடமே இருந்ததால், அவர் உடைத்துத் திரும்பப் போட்டார். லயத்து ஆட்கள் பக்கத்தில் நின்று அளந்தோம். பொய் அளவுக்குக் கையெழுத்துப் போட்டவரிடம் விளக்கம் கேட்டார்களா என்று அறிய அடுத்த விண்ணப்பத்தைக் கொடுத்திருக்கிறேன்.