பி.ஜி. படிக்கப் போகும் நர்ஸ்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிருஷ்ணகிரி, தர்மபுரியிலிருந்து பெங்களூரு வந்து, ஓசூர் ரோடு பக்கம் பி.ஜி. (பேயிங் கெஸ்ட்) விடுதியில் தங்கி ஐசியூ டியூட்டி பார்க்கும் பெண்கள் ரெண்டு வருஷம் கழிந்ததும் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, அடுத்து என்ன படிக்கலாம்?" (பி.ஜி.யில் இருந்துகொண்டே பி.ஜி. படிக்கும் ஊர் இது.) நான் திருப்பிக் கேட்பேன்: பத்து வருஷம் கழித்துக் காலை எட்டு மணிக்கு எங்கே நிற்கணும், வார்டிலா வகுப்பிலா?

அதை யோசிக்காமல் எம்.எஸ்சி. நர்சிங் சேர்வதுதான் பெரிய தவறு. நானே செய்ததுதான். மெடிக்கல் சர்ஜிக்கல் பிரிவை எடுத்தால் வார்டில் கை இன்னும் தேறும் என்று நம்பினேன். முடித்ததும் தேடி வந்தது டியூட்டர் வேலை. கையில் சாக்பீஸும் லெசன் பிளானும். மறுபடி ஐசியூவுக்கே போனேன். பழைய சம்பளம்தான், டிகிரியை யாரும் கண்டுகொள்ளவில்லை. பாடம் நடத்தப் பிடித்தவர்களுக்கு எம்.எஸ்சி. அருமையான வழி. எனக்குப் பிடிக்கவில்லை.

நோயாளி பக்கத்திலேயே இருக்கணும் என்றால், இந்திய நர்சிங் கவுன்சிலின் கிரிட்டிக்கல் கேர் நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பைப் பாருங்கள். ரெண்டு வருஷ ரெசிடென்சி, பெரும்பகுதி ஐசியூவில்தான். பிரசவ அறை பிடித்தவர்களுக்கு 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலின்படி 18 மாத மிட்வைஃபரி பயிற்சி உண்டு.

'பிராக்டிஷனர்' என்றதும் தனி கிளினிக் போர்டு மாட்டலாம் என்று நினைப்பது அடுத்த தவறு. இங்கே டாக்டர் பொறுப்பில், எழுதி வைத்த நெறிமுறை (புரோட்டோகால்) படிதான் வேலை. அமெரிக்காவில் சில மாநிலங்களில் நர்ஸ் பிராக்டிஷனர் தனியாகவே மருந்து எழுதலாம், சிலவற்றில் முடியாது. ஆனால் இங்கே வாங்கிய பட்டத்தைக் காட்டி அந்த லைசென்ஸ் வாங்கிவிட முடியாது. முதலில் என்கிளெக்ஸ் என்ற அந்த ஊர் நர்ஸ் லைசென்ஸ் தேர்வு, பிறகு அங்கேயே மேற்படிப்பு. மயக்க மருந்து நர்ஸ் ஆக அங்கே இப்போது முனைவர் மட்டப் படிப்பே வேண்டும். ஏஜென்ட் இதையெல்லாம் சொல்ல மாட்டான்.

நர்சிங் முடித்த பிறகு ஒரே துறையில் படிக்கும் ஒரு வருஷ போஸ்ட் பேசிக் டிப்ளமோவை "டிப்ளமோதானே" என்று தள்ளிவிடாதீர்கள். மனநல நர்சிங் பிடிக்குமா என்றே தெரியாமல் ரெண்டு வருஷம் போடுவதற்குப் பதில், ஓசூர் ரோட்டிலேயே இருக்கும் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் ஒரு வருஷம் படித்துப் பார்க்கலாம்.

எதில் சேர்வதானாலும் பிரின்சிபால் அறைக்குப் போவதற்கு முன்னால் கேன்டீனுக்குப் போங்கள். கடைசி வருஷப் பிள்ளைகளிடம் கேளுங்கள்: ஐசியூவில் எத்தனை படுக்கை, போன பேட்ச் அக்காக்கள் இப்போது எங்கே டியூட்டி பார்க்கிறார்கள்?